‘கல்லூரி’ என்றால் எது? ஒரு சொல்லும் பல நாடுகளும்

அன்புவழிபுரத்திலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குப் பஸ் ஏறும் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றிடம் "எங்க படிக்கிறீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கல்லூரியின் பெயரைத்தான் சொல்லும். பட்டினத்தில் ஸாஹிறாக் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. குடாவைக் கடந்து போனால் கிண்ணியா மத்திய கல்லூரி, இன்னும் அப்பால் மூதூர் மத்திய கல்லூரி. பதினொரு வயதுப் பிள்ளை கல்லூரியில் படிப்பது நமக்கு ஒரு புதினமும் இல்லை.

இதே பேச்சைத் திருச்சியிலோ வாணியம்பாடியிலோ போய்ச் சொல்லிப் பாருங்கள். "பதினோரு வயசுல காலேஜா?" என்று சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் கல்லூரி. அங்கே ஜமால் முகம்மது கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. இங்கே ஸாஹிறாக் கல்லூரி என்றால் பாடசாலை. மொழி ஒன்று, சொல்லும் ஒன்று. பொருள் மட்டும் பாக்கு நீரிணையைக் கடக்கும்போது மாறிவிடுகிறது.

இது வெறும் சொல் வேடிக்கையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இன்று நமது வீடுகளில் உயர் தரம் முடித்த பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். வளைகுடாவில் வேலை தேடுவோர் படிவங்களை நிரப்புகிறார்கள். "கொலேஜில இடம் கிடைச்சிருக்கு" என்று முகவர் சொன்னதும் வாப்பா காணி விற்கிறார், உம்மா நகை அடகு வைக்கிறார். அந்தக் கொலேஜ் எந்தப் பொருளில் கொலேஜ் என்று தெரிந்துகொள்வது இப்போது பணம் சம்பந்தப்பட்ட விடயம். பிள்ளையின் நாலைந்து வருட ஆயுள் சம்பந்தப்பட்ட விடயம்.

சொல்லின் வேர்

‘கொலேஜ்’ என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனின் ‘கொலேஜியம்’ என்பதிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் படிப்பும் அல்ல, கட்டடமும் அல்ல. ஒரே கடமைக்காக, ஒரே ஒழுங்கின் கீழ் கூடிய மனிதரின் குழு என்பதே அது. பழைய ரோமில் பூசகர்களின் குழுவும் கைவினைஞர்களின் சங்கமும் கொலேஜியம்தான். உடன் வேலை செய்பவரைக் குறிக்கும் ‘கொலீக்’ என்ற சொல்லும் இதே குடும்பம்.

இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. அமெரிக்க ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவுக்கு ஆங்கிலத்தில் கொலேஜ் என்றுதான் பெயர். பாப்பரசரைத் தெரிவு செய்யும் கர்தினால்மாரின் கூட்டமும் கொலேஜ்தான். இலண்டனில் 1518இல் தொடங்கிய றோயல் கொலேஜ் ஒஃப் பிசிஷன்ஸ், மருத்துவர்களின் தொழில்சார் சங்கம். நமது வைத்தியர் ஒருவர் பெயருக்குப் பின்னால் அதன் எழுத்துகளைப் போட்டுக்கொண்டால், அவர் அங்கே வகுப்பில் இருந்து படித்தார் என்று அர்த்தம் இல்லை. அந்தச் சங்கத்தின் பரீட்சையில் தேறி அதன் உறுப்பினரானார் என்பதே அர்த்தம்.

ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் உருவான காலத்தில், ஏழை மாணவர் தங்கிப் படிக்கச் செல்வர்கள் சொத்து எழுதிவைத்து வீடுகள் அமைத்தார்கள். தங்குமிடம், உணவு, படிப்பு, ஒழுங்கு எல்லாம் அந்த வீட்டுக்குள். அவற்றுக்கும் கொலேஜ் என்று பெயர் வந்தது. ஒக்ஸ்ஃபோர்டின் மேர்ட்டன் கல்லூரி 1264இல் இப்படித்தான் எழுந்தது. இன்றும் ஒக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். மாணவர் வாழ்வதும் ஆசிரியரைச் சந்திப்பதும் கல்லூரியில்.

இந்த இடத்தில் நமக்கு அக்கறையான ஒரு செய்தி உண்டு. ஜோர்ஜ் மக்திசி என்ற வரலாற்றறிஞர் 1981இல் வெளியிட்ட ‘கல்லூரிகளின் எழுச்சி’ என்னும் ஆங்கில நூலில், இஸ்லாமிய உலகின் மத்ரஸாவையும் மேற்கின் கல்லூரியையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். இரண்டுமே அறக்கொடைச் சொத்தின் மேல் நிற்பவை. ஒருவர் தம் சொத்தை வக்பு செய்கிறார். அதன் வருமானத்தில் ஆசிரியருக்குச் சம்பளமும் மாணவருக்கு உணவும் உறைவிடமும் கிடைக்கின்றன. கொடுத்தவர் வகுத்த விதிப்படி நிறுவனம் நடக்கிறது. பக்தாதில் நிழாமிய்யா மத்ரஸா 1067இல் திறக்கப்பட்டது. பாரிஸின் முதலாவது கல்லூரி எனக் கருதப்படும் பதினெண்மர் கல்லூரி 1180இல் அமைந்தது. அதை நிறுவியவர் ஜெரூசலம் யாத்திரையிலிருந்து திரும்பிய ஒருவர். இந்த ஒற்றுமையை வைத்து, வக்பு முறை மேற்குக்குப் போயிருக்கலாம் என்று மக்திசி வாதிட்டார். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் கல்லூரி என்ற அமைப்புக்கும் மத்ரஸா என்ற அமைப்புக்கும் உடல் ஒன்றுபோல இருப்பதை மறுப்பது கடினம். நமது அரபு மத்ரஸாக்களை ‘அரபுக் கல்லூரி’ என்று அழைப்பது பகட்டுக்கு வைத்த பெயர் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். தங்கிப் படிக்கும் மாணவர், வக்புச் சொத்து, வகுத்த ஒழுங்கு என்ற மூன்றும் பழைய கல்லூரியின் இலக்கணமேதான்.

பாடசாலைக்கு அந்தப் பெயர் வந்த வழி

அப்படியானால் பாடசாலைக்குக் கல்லூரி என்ற பெயர் எப்படி வந்தது? விடை இங்கிலாந்தில் இருக்கிறது. வின்செஸ்டர் கல்லூரி 1382இலும் ஈட்டன் கல்லூரி 1440இலும் நிறுவப்பட்டவை. இரண்டும் அறக்கொடையில் எழுந்த தங்கிப் படிக்கும் பாடசாலைகள்; ஆகவே கொலேஜ் என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் புதிய பாடசாலைகள் எழுந்தபோது, அவையும் அந்தப் பெயரின் மதிப்புக்காக அதையே சூட்டிக்கொண்டன. செல்ற்றன்ஹாம் 1841, மால்பரோ 1843, வெலிங்டன் 1859 என்று வரிசையாக வந்தன.

குடியேற்ற நாடுகளுக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் பாதிரிமாரும் இந்த முன்மாதிரியைத்தான் கொண்டுவந்தார்கள். கொழும்பு அக்கடமி 1881இல் றோயல் கல்லூரி ஆனது. மிஷன்களின் கல்லூரிகளைப் பார்த்து பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் கல்லூரிகளை எழுப்பினார்கள்.

வட்டுக்கோட்டை அனுபவம் இதைவிடச் சுவையானது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டபோது அதைக் கல்லூரிக்கான திட்டம் என்றே குறிப்பிட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது அமெரிக்கப் பொருள், அதாவது உயர்கல்வி. ஆனால் நிறுவனம் கல்லூரி என்ற பெயரோடு நடக்கவில்லை. செமினரி என்ற பெயரில்தான் புகழ்பெற்றது. அது 1855இல் மூடப்பட்டது. பிறகு 1872இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. உயர்கல்வி கொடுத்த நிறுவனத்துக்குக் கல்லூரிப் பெயர் நிலைக்கவில்லை. இன்று பாடசாலையாக நடக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

முஸ்லிம்களின் கதையும் பெயர் மாற்றத்தின் கதைதான். சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் முயற்சியாலும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒராபி பாஷாவின் ஆதரவாலும் 1892இல் மருதானையில் தொடங்கியது ‘அல் மத்ரஸதுஸ் ஸாஹிறா’. பெயரைக் கவனியுங்கள்: மத்ரஸா. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே அது ஸாஹிறாக் கல்லூரி ஆனது. பின்னர் டி.பி. ஜாயாவும் ஏ.எம்.ஏ. அஸீஸும் அதிபர்களாக இருந்து அதை நாடறிந்த நிறுவனமாக்கினார்கள். அதன் பெயர் ஊரூராகப் பரவியது. கல்முனை, புத்தளம், மாத்தளை, கம்பளை, மாவனல்லை, நமது திருகோணமலை என்று எங்கும் ஸாஹிறாக் கல்லூரிகள் உண்டு. ‘ஸாஹிறாவில படிச்சவர்’ என்றால் ஒரு காலத்தில் அதுவே ஒரு தகைமை.

அதே காலத்தில் அலிகாரில் நடந்ததைப் பாருங்கள். சர் செய்யித் அஹ்மத் கான் 1875இல் பாடசாலையாகத் தொடங்கியது முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக வளர்ந்து, 1920இல் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்குப் போகும் படி. இங்கே பாடசாலையின் சிகரம். இரண்டு ஸ்தாபனங்களையும் எழுப்பியவர்களின் ஆசை ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் அந்தந்த நாட்டுக் கல்விமுறை அந்தச் சொல்லை எங்கே நிறுத்தியதோ அங்கேதான் அது நின்றது.

இலங்கைக்குள்ளேயே எத்தனை கல்லூரிகள்

நமது நாட்டுக்குள்ளும் இந்தச் சொல் ஒரு நிலையில் இல்லை. பாடசாலைக்குப் பெயர் வித்தியாலயமா, மகா வித்தியாலயமா, கல்லூரியா என்பதை வைத்து அதன் தரத்தை அளக்க முடியாது. கல்வி அமைச்சு அளக்கும் கோல் வேறு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள பாடசாலை 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பது 1சி. பதினோராம் ஆண்டு வரை உள்ளது இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளோடு அமைவது மூன்றாம் வகை. மத்திய அமைச்சின் கீழ் இருந்தால் தேசிய பாடசாலை, இல்லாவிட்டால் மாகாணப் பாடசாலை. சிங்களத்தில் இன்னும் தெளிவு: றோயல் கல்லூரிக்கு அங்கே ‘ராஜகீய வித்யாலய’ என்றுதான் பெயர். ஆனால் தமிழில் வித்தியாலயம் ஒரு படி கீழ், கல்லூரி ஒரு படி மேல் என்று நாமே ஒரு ஏணி கட்டி வைத்திருக்கிறோம். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் "எங்கட மகா வித்தியாலயத்தக் கல்லூரியாக்க வேணும்" என்று ஆவேசமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பெயர்ப் பலகை மாறினால் விஞ்ஞான ஆசிரியர் வந்துவிடுவாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பாடசாலைக்கு அப்பாலும் கல்லூரிகள் உண்டு. தேசிய கல்வியியற் கல்லூரி, உயர்தரத்துக்குப் பின் மூன்று வருடம் படித்து ஆசிரியர் டிப்ளோமா பெறும் இடம். பழைய ஆசிரியர் பயிற்சி நிலையங்களுக்கு மட்டும் ‘கலாசாலை’ என்ற சொல் நின்றுவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கான இடம்.

‘பல்கலைக்கழகக் கல்லூரி’ என்பது இன்னொன்று. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் தொடங்கியபோது மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குத்தான் தோற்றினார்கள். சொந்தமாகப் பட்டம் வழங்கும் இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது. கிழக்கிலும் இதே படிமுறை. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. போர்ச் சூழலில் முஸ்லிம் மாணவரும் விரிவுரையாளரும் அங்கே தொடர முடியாமற் போன பின்னர், எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, மறு வருடமே பல்கலைக்கழகமாகியது. அந்த ‘கல்லூரி’ என்ற சொல்லை நீக்குவதற்காக நமது சமூகம் எவ்வளவு ஆர்வத்தோடு காத்திருந்தது என்பதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. தொண்ணூறுகளில் பாடசாலைக்குக் கல்லூரி என்று பெயர் கேட்டவர்களும் பல்கலைக்கழகத்துக்கு அது வேண்டாம் என்றவர்களும் ஒரே ஊர்க்காரர்தாம். இரண்டும் சரியே, இடம்தான் வேறு.

இதற்கிடையில் நமது பேச்சுத்தமிழில் பல்கலைக்கழகத்துக்கு ‘கம்பஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாக்கி, ஒவ்வொன்றையும் அதன் வளாகம் என்று அழைத்தார்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்த ஏற்பாடு போய்விட்டது, சொல் போகவில்லை. "மகள் கம்பஸ் எடுபட்டுட்டா" என்றால் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். இந்த மதிப்பைத் தெரிந்துகொண்டுதான் இன்று மாடிக் கட்டடமொன்றில் நாலு அறை எடுத்தவரும் பலகையில் ‘கம்பஸ்’ என்று எழுதுகிறார்.

அரபுக் கல்லூரிகளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அரபு மொழியில் மத்ரஸா என்றால் பாடசாலை. குல்லிய்யா என்றால் பல்கலைக்கழகத்தின் பீடம் அல்லது கல்லூரி. ஜாமிஆ என்றால் பல்கலைக்கழகம். நமது நாட்டில் இந்த மூன்று பெயர்களும் ஏறத்தாழ ஒரே வகை நிறுவனங்களுக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. சவூதியிலோ கத்தாரிலோ ஒருவர் ‘ஜாமிஆ’ சான்றிதழை நீட்டினால், அங்குள்ளவர் அதைப் பட்டம் என்று எதிர்பார்ப்பார். மௌலவிச் சான்றிதழின் கண்ணியத்துக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அது எந்த மட்டம், பரீட்சைத் திணைக்களத்தின் அல் ஆலிம் பரீட்சையில் பிள்ளை தோற்றியதா, உயர்தரமும் கூடவே முடித்ததா என்பதெல்லாம் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டறிய வேண்டியவை. பெண்பிள்ளைகளின் விடயத்தில் இது இரட்டிப்பு உண்மை. ஐந்தாறு வருடம் ஓதி முடித்த பிள்ளை, உயர்தரம் இல்லாததால் கல்வியியற் கல்லூரியின் வாசலில் நிற்க வேண்டி வருவது நியாயமல்ல. ஓதலும் உயர்தரமும் சேர்ந்து போகும் நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் இந்தச் சொல்

அமெரிக்காவில் ‘கொலேஜுக்குப் போகிறான்’ என்றால் பட்டப்படிப்புக்குப் போகிறான் என்று பொருள். பல்கலைக்கழகத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். ஹார்வர்ட் கல்லூரி 1636இல் தொடங்கியது. இன்று அது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குள் முதற்பட்டம் படிக்கும் பகுதியின் பெயர். டாட்மத், பொஸ்டன் கல்லூரி போன்றவை பெயரில் கொலேஜ், தரத்தில் பல்கலைக்கழகம். ஆனால் ‘கொம்யூனிற்றி கொலேஜ்’ இரண்டு வருடப் படிப்பு. அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறிப் போகலாம்.

இங்கிலாந்தில் கொலேஜ் என்றால் பெரும்பாலும் பதினாறு வயதுக்குப் பின் உயர்தரம் அல்லது தொழிற்கல்வி படிக்கும் இடம். நமது பிள்ளை உயர்தரம் முடித்துவிட்டு அங்கே அப்படியொரு கொலேஜில் சேர்ந்தால், ஏறிய படியையே திரும்ப ஏறுவதாக முடியலாம். அதே இங்கிலாந்தில் யூனிவர்சிற்றி கொலேஜ் லண்டன் உலகத் தரமான பல்கலைக்கழகம். அயர்லாந்திலும் அப்படியே: 1592இல் பிறந்த ட்ரினிட்டி கல்லூரி பல்கலைக்கழகக் கல்விக்கான இடம், பல இடைநிலைப் பாடசாலைகளுக்கும் கொலேஜ் என்றே பெயர்.

கனடாவில் பிரிவு தெளிவானது. யூனிவர்சிற்றி பட்டத்துக்கு, கொலேஜ் பெரும்பாலும் டிப்ளோமாவுக்கும் தொழிற்பயிற்சிக்கும். கியூபெக் மாகாணத்தில் பதினோராம் வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் ‘செஜெப்’ என்ற தனி நிலை உண்டு. முக்கியமான விடயம்: அரச கொலேஜும் தனியார் கொலேஜும் அங்கே ஒன்றல்ல. படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி எல்லாக் கொலேஜ்களாலும் கிடைப்பதில்லை. முகவர் இதை முதலில் சொல்லமாட்டார்.

நியூசிலாந்தில் கொலேஜ் என்றால் நம்மைப் போலவே இடைநிலைப் பாடசாலை. அவுஸ்திரேலியாவில் பல பாடசாலைகளுக்கும் அந்தப் பெயர். தலைநகர் கன்பராவில் 11ஆம், 12ஆம் ஆண்டுகளுக்கான அரச பாடசாலையே கொலேஜ். பல்கலைக்கழக விடுதிகளுக்கும் அதே பெயர். சிங்கப்பூரில் ஜூனியர் கொலேஜ் இரண்டு வருட உயர்தரம். இந்தியாவில் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு நடத்துவது கல்லூரி. ஆனால் மும்பையிலும் ஆந்திரத்திலும் 11, 12ஆம் வகுப்புகளை ஜூனியர் கொலேஜ் என்பார்கள்.

விபுலானந்த அடிகளாரின் வாழ்க்கையை வைத்தே இந்த வேறுபாட்டை மனத்தில் பதிக்கலாம். அவர் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் ‘கல்லூரி அதிபர்’ என்பதைப் படித்தால் பட்டதாரி மாணவருக்குப் பாடம் சொன்னவர் என்று எண்ணக்கூடும். நமக்குத்தான் அது நமது பிள்ளைகள் போகும் பாடசாலை என்று தெரியும்.

தமிழ்ச் சொல்லும் நெகிழ்ச்சியானதே. சீவக சிந்தாமணியில் கல்லூரி என்பது கலை பயிலும் இடம் என்ற பொருளில் வருகிறது. எந்த வயது, எந்த மட்டம் என்ற வரையறை அதில் இல்லை. ஆகவே இலங்கைத் தமிழர் பிழையாகப் பயன்படுத்துகிறார்கள் என்றோ தமிழ்நாட்டார் சரியாகப் பயன்படுத்துகிறார்கள் என்றோ தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பெயர் எதையும் சொல்லாது என்றால் எதைப் பார்ப்பது? நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, முடிவில் கையில் கிடைப்பது சான்றிதழா, டிப்ளோமாவா, பட்டமா? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சாதாரண இளமாணிப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். அதற்குக் கீழானது எதுவும் பட்டமல்ல, பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இரண்டாவது, அதைக் கொடுப்பது யார்? வகுப்பு நடத்துபவரும் பட்டம் வழங்குபவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் சொந்தப் பட்டம் தருவதாகச் சொன்னால், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அதற்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று நேரடியாக விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, சேருவதற்கு என்ன தகைமை கேட்கிறார்கள்? சாதாரண தரம் போதும் என்றால் அது உயர்தரத்துக்குச் சமமான படிப்பாகவோ தொழிற்பயிற்சியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான்காவது, இதை முடித்தபின் அடுத்த படி எது? மேற்படிப்புக்கு ஏற்பார்களா, அரச நியமனத்துக்கு ஏற்பார்களா, அந்த நாட்டில் வேலை செய்ய விடுவார்களா?

வெளிநாட்டுப் படிவத்தில் ‘கொலேஜ்’ என்ற கட்டத்தைக் கண்டதும் ஸாஹிறாவின் பெயரை எழுதிவிடாமல், அவர்கள் கேட்பது இடைநிலைக் கல்வியா உயர்கல்வியா என்று பார்த்து, பாடசாலைப் பெயருக்குப் பக்கத்தில் ‘இடைநிலைப் பாடசாலை, 6 முதல் 13ஆம் ஆண்டு’ என்று குறிப்பது நல்லது. சிறிய வேலைதான், பட்டம் இல்லாதவர் பட்டம் உண்டென்று காட்டினார் என்ற வீண் பழி வராமல் காக்கும்.

நமது முன்னோர் மத்ரஸாவைக் கல்லூரி என்று மாற்றியபோது, தம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்களாக நிற்கக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தைக் காப்பதென்றால், பலகையில் உள்ள சொல்லை வாசித்துவிட்டுத் திரும்பிவிடாமல், உள்ளே போய் நாலு கேள்வி கேட்பதுதான் வழி. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. கட்டணம் கட்டப்போவது நாம்தான்.